வீட்டுத் துணிகள் – 9: மேற்கு ஜன்னலுக்கு என்ன திரை?

ஜன்னல் திரைக்கும் சோபா உறைக்கும் துணி கேட்டு வருபவரிடம் கடைக்காரர் முதலில் விசாரிக்க வேண்டியது நிறத்தை அல்ல, ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைத்தான். திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகை போன்ற ஊரில் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் தமிழக ஊர்களின் பட்டியலில் வேலூரோடு திருத்தணியும் அடிக்கடி இடம்பெறும். மேற்குப் பார்த்த ஜன்னலில் பிற்பகல் வெயில் நேராக விழும். அங்கே தொங்கும் கருநீலமும் மெரூனும் மடிப்புக்குள் மட்டும் பழைய நிறத்தை வைத்துக்கொண்டு வெளிப்பக்கம் வெளுத்துவிடும்.

சாயம் வெயிலைத் தாங்கும் அளவை 1 முதல் 8 வரை தரப்படுத்துகிறார்கள். 8 மிக உறுதியானது. நல்ல கேட்லாக்கில் இந்த எண் இருக்கும். இல்லாவிட்டால் மேற்கு ஜன்னலுக்கு வெளிர் நிறத்தைச் சொல்வதே நேர்மை. மணல் நிறமும் சாம்பலும் வெளுத்தாலும் கண்ணை உறுத்தாது. பட்டு அந்த ஜன்னலுக்கு ஆகவே ஆகாது. சாயம் போவதற்கு முன்பே இழை நைந்துவிடும். வெயிலை அதிகம் தாங்குவது சூரத்திலிருந்து வரும் பாலியஸ்டர். பருத்தி பிடிக்கும் என்பவருக்குப் பின்னால் வெள்ளை லைனிங் கொடுத்துத் தைக்கச் சொல்லலாம். லைனிங்குக்கு ஆகும் செலவு, திரையின் ஆயுளில் திரும்பிவிடும்.

கணக்கில்தான் பெரும்பாலான மனக்கசப்பு வருகிறது. நான்கடி அகல ஜன்னலுக்கு இருபுறமும் அரையடி விட்டால் ராடு ஐந்தடி. திரை சுருக்கம் விழுந்து அழகாகத் தொங்க, ராடு நீளத்தைப் போல இரண்டு மடங்குத் துணி வேண்டும். அதாவது பத்தடி, 120 அங்குலம். 48 அங்குலப் பன்னாத் துணியில் இது இரண்டரை அகலம் என்பதால் மூன்று துண்டுகள் வெட்ட வேண்டும். ஐந்தடி உயரத் திரைக்கு மேல்மடிப்பு, கீழ்மடிப்பு சேர்த்து ஒவ்வொரு துண்டும் ஆறடி. மொத்தம் ஐந்தரை மீட்டர். இது வெறும் நிறத்துணிக்கு. 60 சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வரும் பெரிய பூ டிசைனாக இருந்தால், துண்டுக்குத் துண்டு பூ ஒரே மட்டத்தில் நிற்க ஏழு மீட்டர் வரை ஆகும். துணியை வெட்டிய பிறகு இதைச் சொல்லிப் பயனில்லை.

நிறத்தைக் கடையின் டியூப் லைட்டில் முடிவு செய்யக் கூடாது. அங்கே ஒத்துப்போகும் இரண்டு பச்சைகள் வீட்டு வெளிச்சத்தில் ஒன்று மஞ்சளாகவும் மற்றது நீலமாகவும் பிரிந்து நிற்கும். சாம்பிள் துண்டை வீட்டுக்கு எடுத்துச் சென்று, பகலில் ஒருமுறையும் இரவு விளக்கில் ஒருமுறையும் சுவரோடு வைத்துப் பார்ப்பதே வழி. பத்துக்குப் பத்து அறையில் பெரிய டிசைன் ஓரிடத்தில் இருந்தால் போதும். திரையில் பூ என்றால் சோபாவும் விரிப்பும் வெறும் நிறமாக இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் அமைத்தால் வீடு லாட்ஜ் அறையாகிவிடும்.

வாங்குபவரின் ரசனைக்காகத் துணியின் முகமே மாறியதற்குப் பழைய சாட்சி உண்டு. 1643-ல் லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் சூரத்துக்கு எழுதிய கடிதத்தில், சிவப்புத் தரையில் வரும் மெத்தை விரிப்புகள் அங்கே விலைபோகவில்லை, வெள்ளைத் தரையில் பூவும் கொடியுமாக அனுப்புங்கள் என்று கேட்டார்கள். சோழமண்டலக் கரை ஓவியர்களும் இந்த வெள்ளைத் தரைக்குக் கை பழகினார்கள். அத்துணிகள் ஐரோப்பியக் கட்டில்களில் திரையாகத் தொங்கின. அங்குள்ள நெசவாளர் பிழைப்பு கெடும் அளவுக்கு மோகம் ஏறவே, 1686-ல் பிரான்ஸும் 1721-ல் இங்கிலாந்தும் தடைச் சட்டம் போட்டன.

அந்தக் கைவேலையின் வாரிசு எல்லைக்கு அப்பால் காளஹஸ்தியில் கலம்காரியாக இருக்கிறது. கண்டிகைப் பக்கத்து வாடிக்கையாளர்கள் அதை விரும்பிக் கேட்பதில் வியப்பில்லை. 1960 வரை திருத்தணியே ஆந்திரத்தோடுதான் இருந்தது. ஆனால் மீட்டர் கணக்கில் விற்பது பெரும்பாலும் அச்சிட்ட துணி. அதைக் குஷனுக்கும் திரைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். கடுக்காயில் ஊறவைத்து, இரும்பும் வெல்லமும் புளிக்கவைத்த கறுப்பில் கோடிழுத்த கையோவியத்தை ஜன்னலில் தொங்கவிடச் சொல்பவர் நல்ல ஆலோசகர் அல்லர். இயற்கைச் சாயத்தில் மஞ்சள்தான் முதலில் மங்கும். அதற்கு உரிய இடம் வெயில் படாத உட்சுவர்.

சோபாத் துணியில் பார்க்க வேண்டியது உராய்வு தாங்கும் திறன். வீட்டு உபயோகத்துக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் தேய்த்தாலும் தேயாத துணி என்று சோதனைச் சீட்டில் இருந்தால் போதும். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்து விசைத்தறிக் குடும்பத்தினருக்கு இதை விளக்கத் தேவையில்லை. விளிம்பைப் பிரித்துப் பாவையும் ஊடையையும் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ரெக்ஸின் துடைக்க எளிது என்றாலும் இந்தப் புழுக்கத்தில் முதுகோடு ஒட்டும்.

திருத்தணியைச் சுற்றிய வீடுகளுக்கு ஆடிக் கிருத்திகை தனிக் கணக்கு. காவடியோடு உறவினர் வந்து தங்கும்போது கட்டில் விரிப்பைவிடத் தரை விரிப்பே அதிகம் தேவைப்படும். மலிவான பாலியஸ்டர் விரிப்புகளை அடுக்குவதைவிட இரண்டு பவானி ஜமுக்காளமும், துவைத்துத் துவைத்து மென்மையாகும் சென்னிமலைப் பருத்தி விரிப்புகளும் வாங்கி வைப்பது நல்லது. தூசி படிந்தாலும் ஜமுக்காளத்தின் பட்டைக் கோடுகளில் அழுக்கு சட்டென்று தெரியாது.

பருத்தி முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சுருங்கக்கூடும். ஏழடிக் கதவுத் திரையில் இது நான்கு அங்குலம் வரை போகும். எனவே துணியை நனைத்து உலர்த்திய பிறகே தையல்காரரிடம் கொடுக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர் கீழ்மடிப்பை ஆறு அங்குலமாக விடச் சொன்னால், சுருங்கிய பின் பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.

(தொடரும்)