பரிசல் கற்றுத்தரும் பாடம்

கர்நாடகத்தின் தென் எல்லையில், காவிரிக் காடுகளுக்கு நடுவே அமைந்த தமிழ் பேசும் சிற்றூர் கோபிநத்தம். முன்பு மைசூரு மாவட்டத்திலும் 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்திலும் அடங்கிய இவ்வூரை, சந்தனக் கடத்தல் காலச் செய்திகளின் வழியே மட்டும் அறிந்தவர்கள் நம்மில் பலர். இவ்வூர் வழியே செல்லும் சாலை ஒகேனக்கல்லின் கர்நாடகக் கரையை அடைகிறது. அங்கே ஆற்றில் சுழன்று செல்லும் பரிசல், அறிவியலையும் பொறியியலையும் மாணவர்கள் கையால் தொட்டுக் கற்பதற்குச் சிறந்ததொரு தொடக்கம்.

வட்டத்தின் நுட்பம்

மூங்கில் பிளாச்சுகளைக் கூடைபோல் பின்னி, வெளிப்புறத்தில் அக்காலத்தில் தோலையும் இக்காலத்தில் பிளாஸ்டிக் விரிப்பையும் போர்த்திப் பரிசல் செய்கிறார்கள். நீர் புகாதிருக்கத் தார் பூசுகிறார்கள். அடிப்பகுதி அகன்று தட்டையாக இருப்பதால், பாறைகள் நிறைந்த, ஆழம் குறைந்த நீரிலும் அது செல்லும்.

இதில் ஓர் எளிய கணக்கு உண்டு. தட்டையான அடியும் இரண்டு மீட்டர் விட்டமும் கொண்ட ஒரு வட்டப் படகு 10 சென்டிமீட்டர் அமிழ்ந்தால், ஏறத்தாழ 314 லிட்டர் நீரை விலக்கும். அந்த நீரின் எடை 314 கிலோகிராம். படகும் சுமையும் சேர்ந்து அவ்வளவு எடையை அந்த ஆழத்தில் தாங்கும். மேலும் 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஏறினால், படகு இன்னும் இரண்டு சென்டிமீட்டர் தாழும். ஆர்க்கிமிடீஸ் விதியை மனப்பாடம் செய்யும் மாணவர், இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்த்தால் அதை மறக்கமாட்டார்.

உயிர் காக்கும் அறிவு

இந்த அறிவு தேர்வுக்கு மட்டும் உரியதன்று. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். அளவுக்கு மிஞ்சிய பயணிகள் இருந்ததும், அவர்கள் விலங்குகளைக் காண ஒரே பக்கம் திரண்டதும் அவ்விபத்தின் காரணங்களுள் சிலவாகச் சொல்லப்பட்டன. படகில் எழுந்து நின்றால் ஈர்ப்பு மையம் உயரும். ஒரு பக்கம் கூடினால் அது நடுவிலிருந்து விலகும். இதைச் சிறு வயதில் செய்து பார்த்தவர், உயிர்காப்பு அங்கி இன்றிப் படகேறத் தயங்குவார், பிறரையும் தடுப்பார்.

தொட்டியே ஆய்வுக்கூடம்

இதற்கு ஆறு தேவையில்லை. ஒரு தண்ணீர்த் தொட்டி போதும். முதலில் களிமண் உருண்டையை நீரில் இடச் சொல்லுவோம், அது மூழ்கும். அதே களிமண்ணை மெல்லிய கிண்ணமாக வடித்தால் மிதக்கும். அடுத்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே அளவுள்ள அலுமினியத் தாளைக் கொடுத்துப் படகு செய்யச் சொல்லி, மூழ்கும்வரை ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கலாம். பின்னர் அதே நாணயங்களை ஓரமாகக் குவித்தால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். முதல் படகு எங்கே தோற்றது என்று குறித்து, அதைத் திருத்தி இரண்டாம் படகு செய்வதே பொறியாளரின் வழி.

இம்முறை உலகெங்கும் வேரூன்றியுள்ளது. அமெரிக்காவில் கடற்படையின் ஆதரவோடு நடைபெறும் சீபெர்ச் திட்டத்தில், மாணவர்கள் பிவிசி குழாய்களையும் சிறு மோட்டார்களையும் இணைத்து, கம்பிவழி இயங்கும் நீரடிக் கருவிகளைத் தாமே செய்கிறார்கள். நம் நாட்டிலும் தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் கப்பல் மாதிரி செய்தலும் துடுப்புப் படகோட்டுதலும் பயிற்சிகளாக உள்ளன. 6 முதல் 12 வரையிலான வகுப்பு மாணவர்களுக்காக நிறுவப்பட்டுவரும் அடல் டிங்கரிங் ஆய்வகங்களிலும் இத்தகைய கருவிகளுக்கு இடமுண்டு.

இந்தத் தொட்டியிலிருந்து ஆழ்கடல் வெகுதொலைவில் இல்லை. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்லும் மத்ஸ்யா 6000 கலத்தை உருவாக்கிவருகிறது. அவ்வாழத்தில் நீரழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 600 மடங்கு.

நம் ஊர்ப் பள்ளிக்கு ஏதேனும் செய்ய விரும்பும் பெற்றோரும் முன்னாள் மாணவரும் ஒரு தொட்டி, சில குழாய்கள், சில மோட்டார்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். பரிசல் பின்னும் கைவினைஞர் ஒருவரை வகுப்பறைக்கு அழைத்தால் இன்னும் சிறப்பு. பாடநூலில் இல்லாத பல விடைகள் அவர் கையில் இருக்கின்றன.