பக்கத்தில் யாரும் இல்லை

1933-ம் ஆண்டு. எவரெஸ்ட்டின் திபெத் பக்கம், ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரம். ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் தனியாக ஏறிக்கொண்டிருந்த ஆங்கிலேயர் ஒருவர் சற்று நின்றார். பையிலிருந்த புதினா இனிப்பை இரண்டாகப் பிட்டு, பாதியை உடன் வந்தவருக்கு நீட்டினார். அங்கே யாரும் இல்லை.

பனிச்சரிவையும் புயலையும் சினிமாவே காட்டிவிட்டது. விரல் கறுத்துப்போன படங்களையும் பார்த்தாகிவிட்டது. 'மரண மண்டலம்' எனப்படும் 8,000 மீட்டருக்கு மேலே இவற்றைவிட அஞ்ச வேண்டியது, புத்தி தடுமாறுவதற்குத்தான்.

உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. 2007-ல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் சிலர், உச்சியிலிருந்து இறங்கும் வழியில் 8,400 மீட்டரில் முகமூடியைக் கழற்றி, உடுப்பின் ஜிப்பைத் திறந்து, தொடை இடுக்குத் தமனியில் ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். கடுங்குளிரில் என்ன துணிச்சல்! 6,400 மீட்டரில் இருந்த கூடார ஆய்வகத்துக்கு ஷெர்பாக்கள் இரண்டு மணி நேரத்துக்குள் அதைக் கொண்டுசேர்த்தார்கள். கடல்மட்டத்தில் 80 மி.மீ. பாதரசத்துக்கு மேல் இருக்க வேண்டிய ரத்த ஆக்சிஜன் அழுத்தம், சராசரியாக 24.6. ஒருவருக்கு 19.1. ஆஸ்பத்திரியில் இப்படி ரிப்போர்ட் வந்தால் உறவினரைத் தனியே அழைத்துப் பேசுவார்கள். இவர்களோ நடந்தார்கள், பேசினார்கள். வாரக்கணக்கில் உடலைப் பழக்கியதன் பலன் அது.

பழகியவருக்கும் நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம். மூளை வீங்கினால் குடித்தவர் போலத் தள்ளாட்டம், பேச்சில் குழறல். 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சாதிப்பதும் அதே மூளைதான். மருந்து உண்டு. ஆனால் அது இறங்குவதற்கு அவகாசம் தரும், அவ்வளவே.

1996 மே 10, எவரெஸ்ட். மதியம் 2 மணிக்குள் உச்சியைத் தொடாவிட்டால் திரும்பிவிடுவது என்று பேச்சு. 2 மணி தாண்டியும் பலர் ஏறிக்கொண்டிருந்தார்கள். மாலையில் புயல். எட்டுப் பேர் பிழைக்கவில்லை. கைக்கடிகாரம் பார்க்கத் தெரியாதவர்களா அவர்கள்? மணியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய உறுப்பு பட்டினி கிடந்திருக்கிறது.

சிலிண்டரும் வானிலைக் கணிப்பும் மலையைப் பத்திரமாக்கிவிட்டன என்பவர்களும் உண்டு. சிலிண்டர் தீரும்வரை சரி. 2019 மே மாதம் உச்சிக்குக் கீழே ரேஷன் கடை வரிசைபோல ஆட்கள் நின்ற படம் உலகைச் சுற்றியது. நின்றாலும் சிலிண்டர் காலியாகிக்கொண்டுதானே இருக்கும்? அந்தப் பருவத்தில் எவரெஸ்ட்டில் 11 பேர் இறந்தார்கள்.

திரும்பும் நேரத்தை ஏறுகிறவரிடம் விடக் கூடாது. ரேடியோவில் 'இறங்கு' என்று உத்தரவிடும் அதிகாரம், கீழே முகாமில் நல்ல காற்றைச் சுவாசிப்பவரிடம் இருக்கட்டும்.