கணினி படிக்கும் கல்வெட்டு

எண்ணிம மனிதப்பண்பியல் என்பது இலக்கியம், வரலாறு, மொழி ஆகிய துறைகளின் கேள்விகளுக்குக் கணினியின் துணையோடு விடை தேடும் படிப்பு. தோமஸ் அக்குவைனாசின் நூல்களுக்குச் சொல்லடைவு தயாரிக்க, இத்தாலியப் பாதிரியார் ரொபேர்த்தோ பூசா 1949இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் உதவியை நாடியதையே இதன் தொடக்கமாகப் பலரும் கொள்வர். இத்துறையில் பட்டதாரிகளுக்கான சான்றிதழ்ப் பாடநெறி முதுமாணிப் பட்டத்தைவிடச் சிறியது: சில பாடங்கள், பெரும்பாலும் ஒரு செயற்றிட்டம். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகம் இத்தகைய பாடநெறியை நடத்தியிருக்கிறது. கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் இத்துறையில் டிப்ளோமா வழங்கியிருக்கிறது.

செயற்றிட்டத்தில்தான் படிப்பின் பயன் தெரியும். யாழ்ப்பாணத்தின் வேலணைத் தீவிலுள்ள சரவணை என்னும் ஊரை எடுத்துக்கொண்டால், மூலப்பொருள் வீடுகளிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்த 31ஆம் நாள் நினைவாக அச்சிடும் சிறு நூலைக் கல்வெட்டு என்பார்கள். வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, தேவாரம் எல்லாம் அதில் இருக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இத்தகைய மலர்கள் பலவற்றை வருடி இணையத்தில் வைத்திருக்கிறது.

வருடிய பக்கம் கணினிக்கு வெறும் படம். அதை எழுத்தாக்கும்போது ஊர்ப்பெயரே முதலில் இடறும். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை ‘ணை’ யானைத் தும்பிக்கைபோல் வளைந்த கொம்போடு அச்சாயிற்று. இலங்கை அச்சகங்களில் அதன் பிறகும் அந்த வடிவம் நீடித்தது. புதிய எழுத்தில் மட்டும் பழகிய மென்பொருளுக்குச் சரவணையும் வேலணையும் பிடிபடாது. பழைய அச்சுப் பக்கங்களைக் கொடுத்து அதைப் பழக்க வேண்டும்.

அடுத்தது குறியிடல். எது ஊர், எது ஆள், எது உறவு என்று டி.ஈ.ஐ. என்னும் பொது விதிமுறைப்படி அடையாளமிடுவார்கள். இங்கே மரபு கைகொடுக்கிறது: ‘பிறப்பிடமாகவும்’, ‘வதிவிடமாகவும்’ என்ற வழக்கமான தொடர்களைப் பிடித்துக்கொண்டாலே யார் கொழும்புக்கு, யார் ரொறன்ரோவுக்குப் போனார் என்று வரைபடம் போடலாம். பெயர்களில்தான் சிக்கல். தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு பிறந்த பெண், மணமானபின் கணவன் பெயரோடு வேறொருவராகப் பதிவாகிவிடுவார். இதைத் தீர்க்க நிரல் மட்டும் போதாது, ஊர் உறவுமுறை தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கிடைக்கும் வரைபடமும் முழு ஊரைக் காட்டாது. கல்வெட்டு அச்சிட வசதி இருந்த குடும்பங்களே அதில் தெரியும். வம்சாவளியில் உயிரோடிருப்பவர்களின் பெயர்களும் வருவதால், வெளியிடும் தரவில் அவற்றை மறைப்பதா, குடும்பத்தாரிடம் சம்மதம் கேட்பதா என்பதையும் மாணவர் தம் செயற்றிட்ட அறிக்கையில் எழுதியாக வேண்டும்.