புதிய வகுப்பில் பேசப் பயப்படும் பிள்ளை

மன்னாருக்குத் திரும்பி வந்திருக்கும் உங்களுக்கு இது சொந்த ஊர். உங்கள் பிள்ளைக்கோ இது முன்பின் தெரியாத ஊராக இருக்கலாம். 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இங்குள்ள பாடத்திட்டம் வேறு, பேச்சு வழக்கு வேறு, சிங்களம் புதுப் பாடம். 2009இல் மெனிக் பாம் முகாமில் இருந்த பிள்ளைகளின் படிப்பு இடையில் குழம்பிப்போனது. இப்படி வரும் பிள்ளை புதிய வகுப்பில் சில கிழமைகள் ஒதுங்கியிருப்பது வழமை.

அந்தப் பயம் குறையாமல் கூடிக்கொண்டே போனால் அது சமூகப் பதகளிப்பாக இருக்கலாம். "எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள், பிழை விட்டால் சிரிப்பார்கள்" என்ற எண்ணம் பிள்ளையை விடாது. இது சோம்பலும் அல்ல, திமிரும் அல்ல.

எப்படி அறிந்துகொள்வது?

பாடசாலை நாட்களில் காலையில் வயிற்று வலி, தலையிடி என்று பிள்ளை அழும். விடுமுறையில் அது இருக்காது. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், குரல் வராது. வீட்டில் நன்றாகக் கதைக்கும் பிள்ளை வெளியாரைக் கண்டால் ஒளிந்துகொள்ளும்.

பயம் ஏன் கூடுகிறது?

இன்று பாடசாலைக்குப் போகாமல் நின்றால் பிள்ளைக்கு உடனே ஆறுதல் கிடைக்கும். ஆனால் நாளைக்குப் போவது இன்னும் கடினமாகும். விலகி நிற்க நிற்கப் பயம் வளரும். சிறிது சிறிதாக எதிர்கொண்டால் குறையும். ஆகவே பிள்ளையை வீட்டில் மறிக்கவும் வேண்டாம், ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடியவை

• "பயம் வாறது பிழை இல்லை. கொஞ்சம் கொஞ்சமாப் பழகுவம்" என்று சொல்லுங்கள்.
• சிறிய படிகளாகப் பிரியுங்கள். முதலில் அண்ணன் அல்லது அக்காவுடன் கடைக்குப் போய்ச் சீனி கேட்டு வாங்கட்டும். பிறகு தனியாகப் போகட்டும். அடுத்து, பக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்கட்டும். கடைசியாக வகுப்பில் இரண்டு வரி வாசிக்கட்டும். ஒரு படி பழகிய பின்பே அடுத்த படி.
• உறவினர் கேள்வி கேட்டால் பிள்ளைக்காக நீங்கள் பதில் சொல்லாமல் சற்றுப் பொறுத்திருங்கள்.
• "இவன் வாய் திறக்கமாட்டான்" என்று பிறர் முன் சொல்லாதீர்கள். பேச்சு வழக்கைக் கேலி செய்ய விடாதீர்கள்.
• வகுப்பாசிரியரைச் சந்தித்து, பிள்ளையைத் திடீரென எழுப்பிக் கேள்வி கேட்காமல் முன்கூட்டியே சொல்லும்படி கேளுங்கள்.

வளர்ந்த பிள்ளைகள் தங்கள் பயத்தை மறைப்பார்கள். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது "படிப்பு வேண்டாம், தொழிலுக்குப் போகிறேன்" என்பதற்குப் பின்னால் இந்தப் பயமும் இருக்கலாம். கோபப்படாமல் காரணத்தைக் கேளுங்கள். படபடப்பு வரும்போது மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடப் பழக்குங்கள்.

எப்போது உதவி தேவை?

பிள்ளை தொடர்ந்து பாடசாலைக்குப் போக மறுத்தால், உண்ணாமல் உறங்காமல் இருந்தால், பழைய சம்பவங்களைக் கனவில் கண்டு அலறினால், பாடசாலையின் ஆலோசனை ஆசிரியரிடமோ மன்னார் வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலோ காட்டுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். அங்கே போவதால் பிள்ளைக்கு விசர் என்று ஆகிவிடாது. அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணமும் இல்லை.