மணல் மூடிய கோயிலில் யார் அழுவது?

யாழ்ப்பாணத்து நெல்லியடியிலிருந்து கிழக்கே போய் வல்லிபுர ஆழ்வார் கோயிலைத் தாண்டினால், வீதியின் இரு கரையும் மணலாகிவிடும். அந்த வழியில் வருவது மணற்காடு. அங்கே மணற்குன்றுகளுக்கு நடுவே கூரையில்லாமல் நிற்கிறது பழைய அந்தோனியார் கோயில். முருகைக்கல்லால் எழுப்பிய சுவர்களில் மணல் ஏற ஏற, சனம் விலகிப்போய் வேறிடத்தில் கோயில் கட்டிக்கொண்டது.

பாழடைந்த கோயில், மணலில் சிலுவைகள் நட்ட சேமக்காலை, சுற்றிலும் சவுக்கங்காடு. "பொழுதுபட்டால் அங்கால போகாதை" என்று சொல்ல இதற்குமேல் என்ன வேண்டும்?

அங்கே கேட்பதாகச் சொல்லும் அழுகுரலுக்குச் சவுக்கே போதும். அதற்கு அகன்ற இலை கிடையாது. ஊசிபோல் மெல்லிய கிளைகள்தான். அவற்றைக் கடக்கும் காற்று ஒவ்வொன்றின் பின்னாலும் சிறு சுழிகளாக உடைந்து ஒலியெழுப்பும். காற்று வலுத்தால் சுருதியும் ஏறும். சோளகம் வீசும் மாதங்களில் காடே ஒப்பாரி வைக்கும். பாழ்மனைகளை விரும்பும் கூகையின் அலறலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதைச் சாக்குருவி என்று பயந்தவர்கள்தானே நம் முன்னோர்!

ஆளில்லாத கோயிலில் மணியோசை கேட்பதற்கும் காரணம் உண்டு. இரவில் நிலத்தை ஒட்டிய காற்று முதலில் குளிர்கிறது. மேலே வெப்பம் மிஞ்சியிருப்பதால், வானேற வேண்டிய ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் வருகிறது. பகலில் காதுக்கு எட்டாத அயலூர் மணி, இரவில் அருகில் அடிப்பதுபோல் இருக்கும்.

இங்கிலாந்தின் டன்விச் துறைமுகத்துத் தேவாலயங்களைக் கடல் ஒவ்வொன்றாக விழுங்கியது. அலைக்கடியில் அவற்றின் மணிகள் ஒலிப்பதாக அங்கே கதை உண்டு. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தைச் சுற்றியும் பேய்க்கதைகள்தாம். விட்டுவந்த கோயில் ஒரேயடியாக ஓய்ந்துவிட்டதென்று ஒப்புக்கொள்ள எந்த ஊருக்கும் மனம் வராது போலும்.

ஆனால் மணற்காட்டில் பயப்பட வேண்டிய சத்தம் வேறு. 2004 சுனாமி இந்தக் கரையையும் தாக்கியது. கடலுக்கும் ஊருக்கும் இடையே இருக்கும் இயற்கை அரண் இந்த மணற்குன்றுகள். அவற்றைத்தான் சட்டவிரோதமாக அள்ளிக்கொண்டு போகிறார்கள். பேய்க்குப் பயந்து நாம் கதவடைக்கும் நேரம், மணல் ஏற்றும் டிப்பர்களுக்குத் தோதான நேரம்.