நிரலின் வரலாறு ஏன் எளிதில் இடம் மாறுவதில்லை?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள செடெனாக்கில் செம்பனைத் தோட்டங்களுக்கு அருகே தரவு மையங்கள் எழுந்துள்ளன. அங்குள்ள வட்டுகளுக்கு நிரல் கோப்புகளை நகலெடுப்பது சுலபம். அவற்றில் நடந்த மாற்றங்களின் வரலாற்றை, அதைப் பதிவுசெய்யும் சப்வெர்ஷன் என்ற மென்பொருளிலிருந்து கிட் என்ற இன்னொன்றுக்கு மாற்றுவதுதான் கடினம்.

ஏன்? சப்வெர்ஷன் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 1, 2, 3 என வரிசை எண் தரும். கிட், கோப்புகளின் உள்ளடக்கம், எழுதியவர், நேரம், குறிப்பு, முந்தைய மாற்றத்தின் அடையாளம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு 40 எழுத்து அடையாளம் தரும். பழைய பெயர் ஒன்றில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும், அதிலிருந்து கிளைத்த அடையாளங்கள் அத்தனையும் மாறிவிடும்.

அதனால் மாற்றங்களை எழுதியவர்களின் பெயர்ப்பட்டியலை முதலிலேயே சரிபார்க்க வேண்டும். சப்வெர்ஷனில் பயனர்பெயர் மட்டுமே இருக்கும். கிட்டுக்குப் பெயரோடு மின்னஞ்சலும் வேண்டும். வேலையை விட்டுப் போனவர்களின் பெயரையும் தேடிச் சேர்ப்பது அவர்கள் உழைப்புக்குச் செய்யும் மரியாதை. ‘4127-ஆம் மாற்றத்தைப் பார்க்கவும்’ என்ற பழைய பிழைக்குறிப்புகள் பொருளிழக்காமல் இருக்க, பழைய எண்ணையும் ஒவ்வொரு மாற்றக்குறிப்பின் அடியில் எழுதிவைப்பார்கள்.

லினக்ஸ் வேறு வழியில் போனது. 2005 ஏப்ரலில், அது பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற இதே வகை மென்பொருளின் இலவச உரிமம் கைவிட்டுப் போனபோது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதினார். பழைய வரலாற்றை ஏற்றாமல் 2.6.12-ஆர்சி2 பதிப்பிலிருந்து தொடங்கினார். முந்தைய வரலாற்றைப் பிறர் தனிக் களஞ்சியமாக மாற்றிவைத்தார்கள்.