அளந்து பாவித்த தண்ணீர்

"அம்மா, நாங்கள் என்ன இன்னும் முகாமிலயே இருக்கிறம்? ஏன் தண்ணியை இப்பிடி அளந்து பாவிக்கிறீங்கள்?"

சில வருடங்களுக்கு முன் என் மகள் கேட்ட கேள்வி இது. அப்போது நான் அரிசி கழுவிய தண்ணீரை வாளியில் ஏந்திக்கொண்டிருந்தேன். சிக்கனம் என்றால் இல்லாதவர்களின் வேலை என்ற வெட்கம் அவள் குரலில் இருந்தது. அவளைக் குறை சொல்லமாட்டேன். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துச் சொட்டு மண்ணெண்ணெயில் விளக்கெரித்தோம். சவர்க்காரம் கிடைக்காதபோது பனங்களியில் உடுப்புத் தோய்த்தோம். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தோம். 2009 இல் செட்டிகுளம் முகாமில் ஒரு குடம் தண்ணீருக்காக வரிசையில் நின்றோம். 2010 இல் கணவரில்லாமல், பிள்ளைகள் இருவரோடு சொந்த வளவுக்குத் திரும்பியபோது, "இனி எதையும் அளக்கத் தேவையில்லை" என்று மனம் சொன்னது.

கிணற்றுக்கு மோட்டர் பூட்டினேன். வாழைக்கும் மிளகாய்க்கும் நினைத்த நேரமெல்லாம் இறைத்தேன். கடைக்குப் போனால் ஒவ்வொரு சாமானுக்கும் ஒவ்வொரு சொப்பிங் பை. பின்னேரத்தில் அவற்றை வேலியோரம் குவித்து நெருப்பு வைப்பேன். அப்படியிருக்க, ஒரு கோடையில் தேநீர் உப்புக் கரித்தது.

எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழைதான் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கனதி கூடிய கடல்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உவர்நீர் மேலே ஏறிவிடும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதரின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. மோட்டருக்குக் களைப்பில்லை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. எனக்கென்று மிஞ்சியது இரண்டு பரப்புக் காணியும் அந்தக் கிணறும்தான்.

பழைய பழக்கங்களுக்குத் திரும்பினேன். அவற்றில் சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு தண்ணீர், இரண்டு வேலை

அரிசி, மரக்கறி கழுவும் தண்ணீர் கறிவேப்பிலைக்கும் கத்தரிக்கும் போகிறது. பாத்திரங்களைச் சாம்பலும் பொச்சும் கொண்டு தேய்க்கிறேன். அந்தத் தண்ணீர் வாழைக்கு. தென்னையைச் சுற்றிக் குழி வெட்டி, பொச்சுமட்டைகளின் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி மூடிவிட்டேன். மட்டை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மரக்கறிப் பாத்திகளுக்குக் காய்ந்த இலைகளால் மூடாக்குப் போடுகிறேன். இப்போது காலையிலோ பின்னேரத்திலோ மட்டும் அளவாக இறைக்கிறேன்.

குப்பையிலிருந்து பசளை

மரக்கறித் தோல், காய்ந்த இலை, மாட்டெரு ஆகியவற்றைக் கிணற்றிலிருந்து தள்ளிய ஓர் இடத்தில் படைபடையாகப் போடுங்கள். பூவரசு, சீமைக்கிளுவைக் குழைகளும் சேரட்டும். மீன், இறைச்சிக் கழிவு வேண்டாம். நாயும் எலியும் கிண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. இடைக்கிடை புரட்டிவிட்டால் மூன்று மாதமளவில் மண்வாசம் வீசும் கூட்டெரு கிடைக்கும். இரசாயன உரத்தை அள்ளிப் போட்டால் மிஞ்சியது நிலத்துக்குள் இறங்கி, கடைசியில் எங்கள் குடிதண்ணீரில்தான் கலக்கும்.

ஒரு முக்கிய விடயம். போர் நடந்த இடங்களில், வெடிபொருள் அகற்றப்பட்டது என்று உறுதியான காணியில் மட்டுமே குழி வெட்டுங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், பிள்ளைகளையும் கிட்ட விடாமல் உடனே அறிவியுங்கள். குப்பைக்கு நெருப்பு வைப்பதும் அங்கே ஆபத்து. பொலித்தீன் புகையோ எங்கு எரித்தாலும் நஞ்சு.

ஓலையின் மூன்று பிறவி

என் மாமியார் ஒரு பனையோலையையும் வீணாக்கமாட்டார். முதலில் கூரைக்கு, கழற்றியபின் நல்லதைத் தெரிந்து வேலிக்கு, உக்கத் தொடங்கினால் தோட்டத்தில் பசளையாகத் தாழ்ப்பதற்கு. எங்கள் தோட்டக்காரருக்கு இது காலாகாலமாகத் தெரிந்த விடயம். பழைய சீலையில் தைத்த பையும் பனையோலைப் பையும் இப்போது என்னோடு சந்தைக்கு வருகின்றன. 2017 செப்டெம்பரில் லஞ்ச் சீற்றுக்குத் தடை வந்தபோது எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. வாழையிலை வளவிலேயே இருந்தது.

பருப்பு, கடலையை ஊறவைத்து, மூடிபோட்டுச் சமைத்தால் விறகு மிச்சம். 2022 இல் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்றபோது எங்கள் அடுப்பு எரிந்தது. முற்றிய பயற்றை, வெண்டி, கத்தரி விதைகளைக் காயவைத்துச் சாம்பல் கலந்து போத்தலில் வைத்தால் அடுத்த போகத்துக்கு விதைச் செலவும் இல்லை.

மகளுக்கு அன்று நான் சொன்ன பதில் இதுதான்: "முகாமில கிடைக்காது எண்ட பயத்தில அளந்தம், பிள்ளை. இஞ்சை இருக்கிறது நிலைக்க வேணும் எண்டு அளக்கிறம்."

மாரிக்குப் பிறகு எங்கள் கிணறு ஓரளவு தேறியது. கோடை முற்றினால் இன்னும் இலேசாகக் கரிக்கிறது. நான் ஒருத்தி மட்டும் அளந்து தீராது. எங்கள் வேலிகள் நிலத்துக்கு மேலேதான். கீழே இருக்கும் தண்ணீர் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆகவே சகோதரிகளே, எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். நாளைக்கு அரிசி கழுவும்போது பக்கத்தில் ஒரு வாளியை வையுங்கள். பக்கத்து வளவு அக்காவுக்கும் சொல்லுங்கள்.